ஜன்னல் வெயில் நுரையீரலுக்கு உதவுமா?

கேள்வி: அப்பா 30 வருடம் புகைத்தவர், இருமல் ஓய்வதே இல்லை. மூடிய கண்ணாடி ஜன்னலருகே நாற்காலி போட்டுக் காலை முழுவதும் வெயில் காய்கிறார். கேரட்டில் இருக்கும் ஆரஞ்சு நிறச் சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாக வேறு விழுங்குகிறார், "செடியிலிருந்து வந்ததுதானே" என்று. பயன் உண்டா?

பதில் 1: வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். கதகதப்புதான் மிச்சம். நாற்காலியை வெளியே போடுங்கள்.

பதில் 2: முதலில் மாத்திரையை நிறுத்துங்கள்! பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளிவந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். காய்கறியாகச் சாப்பிடுவது வேறு கதை. ஓயாத இருமலை மருத்துவரிடம் காட்டினீர்களா?

கேட்டவர்: நாளை அழைத்துப் போகிறேன். நாற்காலி வெளியே போய்விட்டது. மாத்திரைப் புட்டியைத்தான் தலையணைக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறார்.