கான்செப்சுவல் ஆர்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்? திங்கக்கிழமை வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை நுண்கலை மாணவர்களுக்கு ஈரான் கலைஞர் பரஸ்தூ ஃபொரூஹர் பத்தி வகுப்பு எடுக்கணும், ஸ்லைடு எல்லாம் தமிழ்ல. 1962ல தெஹ்ரான்ல பிறந்தவங்க, 1991லேர்ந்து ஜெர்மனில இருக்காங்க. அப்பா தாரியூஷ் 1979 புரட்சிக்கு அப்புறம் வந்த இடைக்கால அரசுல தொழிலாளர் அமைச்சர், பின்னாடி எதிர்த்தரப்பு. 1998 நவம்பர் 22 அவரையும் அம்மா பர்வானேயையும் வீட்டுக்குள்ளயே குத்திக் கொன்னாங்க, எங்க ஆளுங்கதான் செஞ்சாங்கன்னு 1999 ஜனவரில உளவு அமைச்சகமே ஒத்துக்கிச்சு. இவங்க செய்றது கான்செப்சுவல் ஆர்ட், அதாவது பொருளோட அழகவிட அதுக்குப் பின்னால இருக்கிற எண்ணத்த முக்கியமா வைக்கிற கலை. அதுக்குத் தமிழ்ல முதல் ஸ்லைடுல "கருத்தியல் கலைஞர்"னு அடிச்சேன், கை நின்னுடுச்சு. கருத்தியல்னா ஐடியாலஜி இல்லையா? அந்தக் குடும்பத்த அழிச்சதோட பேரையே இவங்க கலைக்கும் வைக்கிறதா?
— சென்னை

தம்பி, கருத்துருக் கலைன்னு போடுங்க. உரு இருக்கு, கருத்தும் இருக்கு.
— மதுரை

ஐயா மன்னிக்கணும், முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்றேன், கருத்துருன்னா அரசுக்கு அனுப்புற ப்ரொபோசல். "கருத்துரு ஒப்புதலுக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது"ன்னுதான் காதுல விழும்.
— திருச்சி

இஞ்ச நாங்கள் பள்ளிக்கூடத்திலயே எண்ணக்கரு எண்டுதான் படிச்சனாங்கள். எண்ணக்கருக் கலை எண்டு போடுங்கோ, சோலி முடிஞ்சுது.
— யாழ்ப்பாணம்

அதுல கரு எதுக்கு? கருத்துக்கும் கருவுக்கும் ஒட்டே கிடையாது. எழுது எழுத்தாகுது, பாடு பாட்டாகுது, அதே மாதிரி கருது கருத்தாகுது, கருதுறதுதான் வேர். அதனால கருத்துக்கலை போதும், இயலும் வேண்டாம் உருவும் வேண்டாம். எங்க ஊர்ல நெல்லுக்கதிரையும் கருதுன்னுதான் சொல்வாங்க, அது வேற வேரான்னு ரொம்ப நாளா தேடிட்டிருக்கேன், தனி இழையில எழுதுறேன். இன்னொண்ணு, பரஸ்தூன்னா பாரசீகத்துல தகைவிலான் குருவி. தகைவு இலான், தடையில்லாதவன்னு நான் பிரிப்பேன், அதையும் ஸ்லைடுல சேருங்க.
— தஞ்சாவூர்

கருத்துக்கலையா? கருத்துள்ள படம், கருத்துள்ள பாட்டுன்னு சொல்ற ஊர் இது. பிள்ளைங்க நீதி போதனைன்னு நினைச்சுக்கும். பேசாம கான்செப்சுவல் ஆர்ட்னே விடுங்க, புரியணும் அதான் முக்கியம்.
— கோவை

அக்கா, புரியணும்கிறது சரி, ஆனா ஃபொரூஹரோட "எழுத்தறை"ங்கிற படைப்பப் பாருங்க, 1999லேர்ந்து செய்றாங்க. சுவர், தரை, பிங்பாங் பந்து எல்லாத்து மேலயும் கையால பாரசீக எழுத்து. பாரசீகம் படிச்சவங்க போய் நின்னாலும் ஒரு வாக்கியம் கோர்வையா கிடைக்காது. பட்டாம்பூச்சிப் படங்களும் அப்படித்தான், பர்வானேன்னா பட்டாம்பூச்சி, அம்மா பேரு. தூரத்துலேர்ந்து அலங்காரம், கிட்டப்போனா சிறகுக்குள்ள கட்டிப்போட்ட உடம்புங்க. கான்செப்டுங்கிறது இங்க நீதியும் இல்ல கொள்கையும் இல்ல, கருதிக் கருதிப் பார்க்க வைக்கிறது, அதுனால எனக்கு தஞ்சாவூர் ஐயா சொன்ன வேர் பிடிச்சிருக்கு.

இன்னொரு சிக்கல். 2002ல தெஹ்ரான் கோலேஸ்தான் கேலரில "குருட்டுப்புள்ளி" படங்கள வைக்க இருந்தாங்க, சாதர், அதாவது ஈரான் பெண்கள் தலையோட உடம்ப மூடிப் போர்த்துற துணி, அதப் போர்த்துன உருவம், முகம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் மொட்டை உருண்டை. அதிகாரிங்க தடை பண்ணிட்டாங்க. திறப்பு அன்னிக்கு இவங்க படத்த எடுத்துட்டு காலி ஃபிரேம்களை மட்டும் சுவர்ல மாட்டி வச்சாங்க. இத "வெற்றுச் சட்டங்கள்"னு எழுதினா யாராவது லா-ன்னு படிச்சுடுவாங்களோ?
— சென்னை

படிக்கட்டும் தம்பி. மாத்தாதீங்க. அந்தச் சுவர்ல ரெண்டுமேதான் தொங்குச்சு.
— மதுரை

நான் மதுரைய வழிமொழிகிறேன். கருத்துக்கலைக்கும் என் ஓட்டு, அரைமனசாத்தான்.
— திருச்சி

சரி, மணி பன்னெண்டாச்சு. கருத்துக்கலை, கருத்துக்கலைஞர்னே போட்டுட்டேன், முதல் ஸ்லைடுல மட்டும் கான்செப்சுவல் ஆர்ட்னு பக்கத்துலயே இருக்கும், கோவை அக்காவுக்காக. வெற்றுச் சட்டங்கள் அப்படியே இருக்கு. எல்லாருக்கும் நன்றி.
— சென்னை

எனக்கு உடன்பாடில்லை, குறிச்சு வையுங்கோ. கருத்து எண்டா ஒருத்தர் சொல்லி முடிச்சது, எண்ணக்கரு எண்டா இன்னும் உள்ளுக்க வளருறது. காலிச் சட்டத்துக்கு முன்னால நிண்ட ஆக்களுக்கு நடந்தது இரண்டாவதுதான். வகுப்பில பிள்ளையளிட்ட இரண்டு சொல்லையும் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ, என்ன சொல்லுதுகள் எண்டு இஞ்ச எழுதுங்கோ.
— யாழ்ப்பாணம்