பழைய காமிக்ஸ் ஸ்கேனில் மஞ்சளை வெளுக்கலாமா?

நாலுவண்ணம்:
"ஸ்கேன் செய்த பழைய அமெரிக்க காமிக்ஸைத் திரையில் படிக்கும்போது தாளின் மஞ்சள்தான் அசல், அதை எடுத்தால் புத்தகமே செத்துப்போகும்" என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் வந்தது. அந்த மஞ்சளை யாரும் அச்சடிக்கவில்லை. மலிவான மரக்கூழ்த் தாளில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். 1950-களில் கடையில் வாங்கிய பிள்ளை இந்த மஞ்சளைப் பார்த்ததே இல்லை.

பழுப்புத்தாள்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்தத் தாள் வாங்கிய அன்றும் வெள்ளையாக இருந்ததில்லை. பிறக்கும்போதே மங்கல். நீங்கள் செய்வது சுண்ணாம்பு அடிக்கிற வேலை.

நாலுவண்ணம்:
மங்கல் வேறு, மஞ்சள் வேறு.

பழுப்புத்தாள்:
வெள்ளையாக இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா? நீங்கள் வெளுத்த பக்கத்தில் ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கால அச்சில் தோல் நிறத்துக்குத் தனி மை கிடையாது. 25 சதவீத மஞ்சள், 25 சதவீதச் சிவப்பு, இரண்டும் பொடிப் புள்ளிகளாக, அவ்வளவுதான். தாளின் மஞ்சளை விரட்டினால் முகத்தின் மஞ்சளும் கூடவே போகிறது. நேற்றிரவு ஒரு பக்கம் பார்த்தேன்: நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்புப் புள்ளி மட்டும் நிற்கிறது, அம்மை போட்ட மாதிரி. மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று வண்ண மைகள், ஒவ்வொன்றுக்கும் (0, 25, 50, 100 சதவீதம் என) நான்கு அளவு, மொத்தம் 64 நிறம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு உலகத்தையே காட்டினார்கள். அதில் கை வைக்க நாம் யார்?

நாலுவண்ணம்:
அது, நிறத்தைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோ லெவல்ஸ் பொத்தானைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் வேலை. நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்து வெற்றுத்தாளிலிருந்து நிறம் எடுத்துக் கையால் திருத்துகிறேன். ஒரு இதழுக்கு இரண்டு ராத்திரி போகிறது. செய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கட்டம்_கட்டமாய்:
நான் கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். மஞ்சள் எனக்கு இடைஞ்சலே இல்லை.

பழுப்புத்தாள்:
கட்டம் கட்டமாகப் படித்தால் பக்கமே போச்சு. ஓவியர் முழுப் பக்கத்தையும் மனதில் வைத்துத்தான் கட்டம் பிரித்தார். 12.9 அங்குலத் திரையில் பக்கம் கிட்டத்தட்ட அச்சளவிலேயே வரும். அதில் படியுங்கள்.

கட்டம்_கட்டமாய்:
நீங்கள் வாங்கிக் கொடுங்கள், படிக்கிறேன். கதை படிக்க வந்தவனுக்கு எதற்கு இந்த அதட்டல்?

அட்டைப்படம்:
நாலுவண்ணம் சார், போன வருடம் நீங்கள் தொகுத்த கோப்பில் விளம்பரப் பக்கங்களையும் வாசகர் கடிதங்களையும் வெட்டியிருந்தீர்களே, அது மட்டும் எந்த அசல்? கடிதப் பக்கத்துக்காகவே நான் அந்த இதழைத் தேடினேன். இன்னும் பதில் வரவில்லை.

நாலுவண்ணம்:
அந்தப் பிரதியிலேயே அந்தத் தாள்கள் கிழிந்திருந்தன என்று அன்றே சொன்னேன். திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள்.

அட்டைப்படம்:
சொல்லவில்லை. கேட்டபோது, கோப்பு ஏன் சிபிஆரில் இருக்கிறது, சிபிஇசட்டில் போட்டிருக்கலாமே என்று பேச்சை மாற்றினீர்கள். இரண்டுமே பக்கப் படங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் கோப்புதான்: முன்னது ரார், பின்னது ஜிப், பெயரின் பின்னொட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கும் காணாமல் போன பக்கத்துக்கும் என்ன தொடர்பு?

பழுப்புத்தாள்:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. தாள் வெள்ளையாக இருந்ததா, இல்லையா?

நாலுவண்ணம்:
மஞ்சளாக இருந்ததா, இல்லையா? அதை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்:
வெள்ளையாக இருந்ததில்லை. நூறு முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நெற்றியில் சிவப்புப் புள்ளியோடு நிற்கும் அந்தப் பக்கத்தை இப்போதே இங்கே போடுகிறேன்.

நாலுவண்ணம்:
போடுங்கள். யார் திருத்திய பக்கம் என்பதையும் சேர்த்தே போடுங்கள்.