பினோ நுவார் ஏன் இவ்வளவு வெளிறி இருக்கிறது?

டான்டினாங்வாசி:
போன வாரம் மெல்போர்னுக்குத் தெற்கே மார்னிங்டன் தீபகற்பம் போயிருந்தோம். ரெட் ஹில் பக்கம் ஒரு சின்ன ஒயினரியில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கினேன், 48 டாலர். இதுவரை நான் குடித்ததெல்லாம் அடர்நிறப் பரோசா ஷிராஸ் ஒயின்தான். இதில் கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் விரல் தெரிகிறது. நாக்கில் புளிப்பு, ஓக் மரப் பீப்பாய் வாசனையே இல்லை. "நாங்கள் அதிகம் கை வைப்பதில்லை" என்றார் அங்கிருந்தவர். அப்படியென்றால் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறார்கள்?

கொடிக்கால்:
நண்பரே, அந்த மேட்டில் ஒரு சின்ன ஒயினரியில் ஆறு அறுவடை வேலை பார்த்திருக்கிறேன். விரல் தெரிவது குறையே இல்லை. பினோ திராட்சையின் தோல் மெல்லியது, நிறம் குறைவு.

எங்கள் வீடு கம்பத்தில். பந்தலில் பன்னீர் திராட்சை. அங்கே கொடி தூங்குவதே இல்லை. கவாத்துக்கு நாள் பார்த்து, வருஷம் முழுக்கப் பழம் எடுக்கலாம். இங்கே ஜூலைக் குளிரில் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் கொடியைக் கவாத்து செய்கிறோம். ஒரு பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, மறுபக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. கடல் காற்றில் பழம் அவசரமில்லாமல் பழுக்கிறது. அதனால் மணம் கூடும் வரை புளிப்பும் இறங்காமல் நிற்கிறது. சூடான இடங்களில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சகஜம். நாங்கள் அந்த மூட்டையைப் பிரிப்பது அபூர்வம்.

கை வைக்காமல் இருப்பதில் பெரிய விஷயம், பறிக்கும் நாளைப் பிடிப்பது. முதலாளி கருவியில் சர்க்கரை பார்ப்பார், ஆனால் முடிவு செய்வது விதையைக் கடித்துப் பார்த்துத்தான். பாமே என்பது சாற்றின் சர்க்கரை அளவு; 13 பாமே என்றால் ஒயினில் ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால். ஒரு வருஷம் இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று நான்கு நாள் பொறுத்தோம். ஜாம் மாதிரி ஆகிவிட்டது, எங்கள் லேபிளில் போடவில்லை.

ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. தோலிலும் ஒயினரிக்குள்ளும் இருப்பதே நொதிக்க வைக்கும். அது கிளம்ப நான்கைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராது, காலையும் மாலையும் தொட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு முறை மெல்ல அமுக்குவோம், கடைசியில் ஒரு முறை. ரொம்ப அமுக்கினால் விதைக் கசப்பு இறங்கும். அப்புறம் 228 லிட்டர் பீப்பாய். பத்தில் இரண்டுதான் புதிது. பழைய பீப்பாய் ஓக் மணம் ஏற்றாது, காற்றை மட்டும் கசிய விடும். அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு பத்து மாதம் அப்படியே கிடக்கும். வசந்தத்தில் வெப்பம் ஏறும்போது மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும், புளிப்பு கொஞ்சம் தணியும்.

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைவாகப் போடுவதால் சுத்தம் இரட்டிப்பாக வேண்டும். மழை வருஷத்தில் அழுகின பழத்தைக் கொத்துக் கொத்தாகக் கையால் கிள்ளி எடுத்திருக்கிறோம். விலையில் ஒரு பங்கு அந்தக் கூலிதான்.

பந்தி:
ஒன்று சேர்க்கிறேன். அங்கே பல தோட்டங்களில் இருப்பது எம்வி6 என்ற பினோ வகை. 1830களில் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கொடிகளின் வழி வந்தது என்பார்கள். சாப்பாட்டுக்கு மிளகு போட்ட காளான் வறுவல் நன்றாகப் பொருந்தும். காரக்குழம்போடு வேண்டாம், ஒயின் கசக்கும்.

டான்டினாங்வாசி:
நன்றி அண்ணே. மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். நேற்று குடித்தபோது செர்ரி மணம் தெரிந்தது, புளிப்பும் உறுத்தவில்லை. அது எப்படி?

கொடிக்கால்:
காற்றுப் பட்டு விரிந்திருக்கிறது. முதல் நாள் அறைச் சூட்டில் குடித்திருப்பீர்கள். வெயில் காலத்தில் குடிப்பதற்கு அரை மணி முன்பு ஃப்ரிட்ஜில் வையுங்கள், 15 டிகிரி போதும். திறந்த பாட்டிலை மூன்றாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள்.