பொருள்: ஹிப்னோசோயிட்: துயிலியா, பதுங்கியா?

அனைவருக்கும் வணக்கம். நம் மலேரியா துண்டறிக்கையில் ஹிப்னோசோயிட்டுக்கு, அதாவது கல்லீரலில் பெருகாமல் ஒளிந்துகிடக்கும் மலேரியா ஒட்டுண்ணிக்கு, எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்று குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> "பதுங்கி" என்றே வைக்கலாம். கேட்ட உடனே ஆபத்து புரியும்.

புரியும், சரி. ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். "பதுங்கி கல்லீரலில் இருக்கும்" என்றால் அது பெயரா, வினையெச்சமா? "உறங்கி"க்கும் இதே சிக்கல்தான். துயில் என்பதற்கு வினையெச்சம் "துயின்று". எனவே "துயிலி" பெயராக மட்டுமே நிற்கும். துயிலிகள், துயிலிநிலை, துயிலிக்கொல்லி என்று எப்படி நீட்டினாலும் உடையவில்லை. என் ஓட்டு துயிலிக்கே.

> தூங்குகிறது என்றால் நோயாளி மெத்தனமாக இருந்துவிடுவாரே?

இந்தக் கவலை எனக்கும் உண்டு. தண்டையார்பேட்டை ஆய்வகத்தில் ஜீம்சா சாயம் ஏற்றிய சிலைடில் வைவாக்ஸ் வகை மலேரியா தெளிவாகத் தெரியும்: உப்பிப் பெரிதான சிவப்பணு, உள்ளே ஒட்டுண்ணி, சுற்றிலும் பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகள். குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தால் காய்ச்சல் விட்டுவிடும், அடுத்த சிலைடும் சுத்தமாக வரும். ஆனால் கொசு கடித்தபோது உள்ளே போனவற்றில் சில, கல்லீரல் செல்லுக்குள் ஒற்றை உட்கருவோடு பெருகாமல் அப்படியே கிடக்கின்றன. ரத்தத்தில் தேடினால் அகப்படாது, குளோரோகுயினுக்கும் அசையாது. வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துப் பெருகும். அதற்காகத்தான் பிரைமாகுயின் 14 நாள். (ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதை அப்படியே கொடுக்க முடியாது என்பதையும் துண்டறிக்கையில் சேர்த்தே ஆகவேண்டும்.) நான்காம் நாள் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவரிடம் "துயிலி இன்னும் உள்ளே இருக்கிறது, எழுந்துவிடும்" என்று சொல்லலாம். அதில் போதுமான எச்சரிக்கை இருக்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ கேட்டால் ஒரே பதில்தான்: "மலேரியா திரும்ப வந்துடுச்சு." அந்தத் திரும்ப வருவதில் மூன்று வகை உண்டு. துயிலி விழித்து வருவது ஒன்று. இதற்கு "மீளெழுச்சி" என்கிறேன். ரத்தத்திலேயே மருந்துக்குத் தப்பியவை மறுபடி பெருகுவது இன்னொன்று, அது "மீள்பெருக்கம்". துயிலி இல்லாத ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் கொசு புதிதாகக் கடிக்காமலே காய்ச்சல் திரும்பினால், அது இந்த வகைதான். மூன்றாவது, புதுக் கொசு கடித்து வரும் "மறுதொற்று". முதலாவதற்கு பிரைமாகுயின் ஒழுங்காக முடிந்ததா என்று பார்க்கவேண்டும். இரண்டாவதற்கு ரத்தநிலை மருந்து வேலை செய்ததா என்று பார்க்கவேண்டும். மூன்றாவதற்கு மொட்டை மாடிக்கு ஏறவேண்டும்: நம் ஊரில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுவது. மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியில் டார்ச் அடித்தால், நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் புழு தெரியும். மூன்றையும் "மறுதாக்குதல்" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எதைச் செய்வது என்பதே தெரியாமல் போகும். அந்தச் சொல்லைக் கைவிடுவோம் என்பது என் வேண்டுகோள்.

ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை (host) ஓம்புயிர் என்பதா விருந்தோம்பி என்பதா என்ற பழைய வழக்கை இப்போது கிளற வேண்டாம். பாடநூலில் படித்துவரும் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும். ஆனால் "முதன்மை ஓம்புயிர்: மனிதன்" என்று வரைவில் இருப்பதைத் திருத்துங்கள். ஒட்டுண்ணியின் பாலினப் பெருக்கம் முடிவது கொசுவின் வயிற்றில்; எனவே முதன்மை ஓம்புயிர் கொசு, நாம் இடைநிலை.

"மீளெழுச்சி"யில் போராட்ட வாடை அடிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். "மறுவிழிப்பு" அவருடைய மாற்று. துயிலிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது; ஆனால் "நோயின் மறுவிழிப்பு" என்னும்போது கொஞ்சம் இடறுகிறது. துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் இதற்கு மட்டும் உங்கள் கருத்து தேவை.