சலவை இயந்திரம் வந்தால் சிரங்கு குறையுமா? ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்கள் குறித்து ஒரு கேள்வி

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், நகரங்களுக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு பூர்வகுடி ஊரின் மருத்துவ நிலையத்தில் சேரவிருக்கிறேன். அத்தகைய ஊர்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்குத் தோலில் சீழ்ப்புண் இருப்பதாகப் படித்தேன். “அவர்களுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும்” என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் சொன்னதை என் மனம் ஏற்கவில்லை. தோலில் துளைத்து வாழும் நுண்பூச்சியால் வந்து, சொறிந்த இடத்தில் இத்தகைய புண்ணுக்கு வழிவிடும் சிரங்கு, பொதுச் சலவைக்கூடங்கள் வந்தால் குறையும் என்றும் சொல்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? போர்வை, துணிமணி பற்றிக் குடும்பங்களிடம் நான் என்ன சொல்வது?

இளமாறன்:
உங்கள் மனம் ஏற்க மறுத்தது சரிதான். தென் ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜஜாரா நிலப்பகுதியில் இயங்கும் ஙனம்பா சுகாதார மன்றத்தை வழிநடத்திய யாமி லெஸ்டர், 1985-இல், மக்கள் நோயுறுவதையே தடுக்க வழி காணுங்கள் என்று ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுப்புற நலப் பணியாளர் ஆகிய மூவரிடம் கேட்டார். 1987-இல் வெளிவந்த அவர்களது அறிக்கை, நல்வாழ்வுக்கு ஒரு வீட்டில் இயல வேண்டிய செயல்கள் என ஒன்பதை வரிசைப்படுத்தியது. முதலாவது, சிறு குழந்தைகளைக் குளிப்பாட்டுவது. இரண்டாவது, துணியையும் படுக்கையையும் துவைப்பது.

பின்னர் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தபோது, குளிக்கத் தக்க நிலையில் நீர்த்தூவி (ஷவர்) இருந்த வீடுகள் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தன. பழுதுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு பராமரிப்பு இன்மையாலும், 21 விழுக்காடு கட்டும்போதே நேர்ந்த குறையாலும் வந்தவை. குடியிருப்போர் சேதப்படுத்தியவை பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. உள்நாட்டுப் பகுதிகள் பலவற்றில் நிலத்தடி நீர் மிகக் கடினமானது. சூடேற்றும் கம்பியிலும் குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்து எந்த இயந்திரமும் விரைவில் கெட்டுவிடும். குழாய் செத்துக் கிடக்கும் வீட்டில் நின்றுகொண்டு கை கழுவச் சொல்வது அந்தத் தாயை அவமதிப்பதாகும். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

நார்தர்ன் டெரிட்டரியின் கேத்தரின் நகருக்குத் தென்கிழக்கே உள்ள பருங்கா என்ற ஊரில் 2019-இல் தொடங்கிய இலவசச் சலவைக்கூடம் இந்தக் குறைக்கு ஒரு விடை.

தோல்நல மருத்துவர்:
இளமாறன் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு திருத்தம் தேவை. சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடலில் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். தோலோடு தோல் நெடுநேரம் படுவதால்தான் அது முதன்மையாகப் பரவுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் கென்னத் மெல்லன்பி நடத்திய சோதனைகளில், நோயுற்றோர் பயன்படுத்திய போர்வைகளில் தூங்கிய தன்னார்வலர்களில் மிகச் சிலருக்கே சிரங்கு தொற்றியது. எனவே துவைப்பது மட்டும் ஊரிலிருந்து சிரங்கை நீக்காது. ஒரே அறையில் பலர் படுக்க வேண்டிய நெரிசல் இருக்கும்வரை அது திரும்பித் திரும்பி வரும்.

தோலில் தடித்த பொருக்குப் படியும் கடும் வகையான பொருக்குச் சிரங்கு வேறு கதை. அந்நோயாளியின் உடலில் ஆயிரக்கணக்கில், சில வேளை பல இலட்சம் பூச்சிகள் இருக்கும். உதிரும் செதில்களோடு அவை படுக்கையிலும் விழும். அங்கே சலவை மருத்துவத்தின் ஒரு பகுதியே. சுடுநீரில் (50 பாகை செல்சியஸ், பத்து நிமிடம்) பூச்சி சாகும். சுடுநீர் இல்லையேல் துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தாலும் போதும், ஏனெனில் மனித உடலை விட்டு அது சில நாள்களே உயிர் வாழும்.

சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்து புண்ணாவதுதான் என் பெரிய கவலை. அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். இதய வால்வுகளைச் சிதைக்கும் ருமாட்டிக் காய்ச்சலோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே புண்ணைச் சிறிதென்று விடாதீர்கள். பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். நாய்களைக் குறை சொல்பவர்களும் இருப்பார்கள். நாயின் சொறிப்பூச்சி வேறு வகை, அது மனிதரிடம் நிலைத்துப் பெருகுவதில்லை.

கயல்விழி:
மிக்க நன்றி, மருத்துவர் ஐயா. இளமாறன் அவர்களே, வீட்டுக்குச் செல்லும்போது நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இளமாறன்:
சலவைத் தொட்டியின் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா, வந்தது வடிகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தையும் கேளுங்கள்: அங்கே பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர்தான், பணம் தீர்ந்தால் விளக்கோடு சுடுநீரும் நின்றுவிடும். பழுது இருந்தால், களிம்பைக் கொடுத்த கையோடு, குடும்பத்தாரின் ஒப்புதலுடன் அதை வீட்டுவசதித் துறைக்கு எழுதி, எழுதிய தேதியையும் குறித்து வையுங்கள்.