வெளிநாட்டுப் பங்காளிப் பல்கலைக்கழகத்தில் ஓர் அரையாண்டு: திருகோணமலையிலிருந்து சென்றவர்கள் எழுதுகிறார்கள்

உப்புவெளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பட்டப்பின்படிப்பு மாணவர் பரிமாற்றத்தைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் பணம் போதுமா, குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா என்ற மூன்றையுமே முதலில் கேட்கிறார்கள். மூன்றுக்கும் விடை சொல்கிறேன். ஆனால் போய் வந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. அந்த அரையாண்டு உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா, வெறும் சுற்றுப்பயணமாகக் கழியுமா என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே, கற்கை உடன்படிக்கை என்ற சில பக்கத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

என் முதுமாணி ஆய்வு நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளைப் பற்றியது. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவைச் சுற்றிய கடலடியில் சதுரச் சட்டங்களை வைத்து எடுத்த படங்கள் என்னிடம் ஏராளமாக இருந்தன. அவற்றைக் கணினியில் பகுத்து, உயிருள்ள பவளம் எவ்வளவு, பாசி மூடியது எவ்வளவு என்று புள்ளியியல் முறைப்படி கணக்கிடக் கற்றுத்தர இங்கே எனக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போலந்தின் குடான்ஸ்க் நகரில் ஒரு பங்காளி நிறுவனம் இருந்ததால், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளுக்கென இருக்கும் பிரிவின் கீழ் விண்ணப்பித்தேன். பவளமே வளராத பால்டிக் கடலோரத்தில் பவளம் படிக்கப் போவதா என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குடான்ஸ்க் வளைகுடாவின் நீரில் உப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 7 பங்குதான். நம் கடலிலோ 30க்கும் மேல். ஆனால் நான் தேடிப் போனது பவளத்தையல்ல, பகுப்பாய்வு முறையை.

இத்திட்டத்தில் நீங்கள் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருக்கிறீர்கள். பட்டமும் இங்கேதான் வழங்கப்படும். வரவேற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் அறவிடாது. செலவுக்கென நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை வழங்குகிறார்கள். விடுதியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டால் போலந்தில் அது தாராளமாகப் போதும். ஆனால் எனக்கு முதல் தவணை அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்த பின்னரே வந்தது. விசாவுக்கும் முதல் மாதச் சீவியத்துக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்குத் தேசிய விசா தேவை; கொழும்பில் போலந்துத் தூதரகம் இல்லாததால் இலங்கையருக்குப் புதுடில்லித் தூதரகமே பொறுப்பு. ஆகவே பொலிஸ் நற்சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு போன்றவற்றை பரிமாற்றத்துக்கு உங்கள் பெயரை நியமிக்கும் கடிதம் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

கற்கை உடன்படிக்கையில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், வரவேற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையொப்பமிடுகிறார்கள். அங்கே படிக்கப்போகும் பாடங்கள் ஒரு நிரலிலும், அவற்றுக்கு ஈடாக இங்கே விடுவிக்கப்படும் பாடங்கள் மறு நிரலிலும் எழுதப்படும். முதல் நிரலிலுள்ளவற்றில் சித்தியடைந்து வந்தால் இரண்டாம் நிரலிலுள்ளவற்றை அனுப்பிய பல்கலைக்கழகம் முழுமையாக அங்கீகரிக்க வேண்டும் என்பதே திட்டத்தின் விதி. நடைமுறையில் இரண்டாம் நிரலை வெறுமையாக விட்டு, "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் துறைகள் உண்டு. என் மேற்பார்வையாளர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பாடத்திட்டங்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, பட்டப்பின்படிப்புச் சபையின் அனுமதியைக் கூட்டக் குறிப்பிலேயே பதியவைத்தார். அவரை நான் என்றும் மறவேன்.

கிரெடிட் கணக்கையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ஓர் அரையாண்டு முழுச்சுமை 30 கிரெடிட்; ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். இலங்கைத் தகைமைச் சட்டகத்திலோ ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரம். அதாவது அங்கே பெற்ற 30 கிரெடிட் இங்கே 15 முதல் 18 வரையாகத்தான் மாறும். இது அநியாயமல்ல, அளவுகோல் வேறு, அவ்வளவுதான். ஆனால் இதை முன்னரே சொல்லாவிட்டால், வந்திறங்கியதும் பாதி காணாமற்போனதாக மாணவர் குமுறுவார், ஒன்றுக்கு ஒன்று கேட்டால் அலுவலகம் மறுக்கும்.

புள்ளிகளிலும் அதே சிக்கல். போலந்தில் 2.0 என்றால் தவறியது, 3.0 சித்தி, அங்கிருந்து அரை அரையாக ஏறி 5.0 உச்சம். இங்கே நமது தரப்புள்ளிச் சராசரியின் உச்சம் 4.00. என் பெறுபேற்று அறிக்கையைக் கையிலெடுத்த எழுதுவினைஞர் 4.5 என்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "நாலுக்கு நாலரை எப்படித் தம்பி எடுத்தீர்?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர் அதே அறிக்கையில் 4.0 பெற்றிருந்த மற்றப் பாடத்தை நம்முடைய உச்சப் புள்ளியாகப் பதியத் தயாராக இருந்தார். உண்மையில் அது போலந்தில் உச்சத்துக்கு இரண்டு படி கீழே. புள்ளிகளை மாற்றும் அட்டவணையும் உடன்படிக்கையோடு இணைக்கப்பட்டிருந்தமையால் இரண்டும் அன்றே சரியாயின.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். குளிரைவிட இருட்டே என்னை வாட்டியது. டிசம்பரில் மாலை மூன்றரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மலிவான சாப்பாட்டுக்கு "பார் மிலெச்னி" எனப்படும் எளிய உணவகங்கள் உள்ளன. அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும், மிளகாய்த்தூளை இங்கிருந்து கொண்டுபோங்கள். பரீட்சைகளில் சில வாய்மொழியாக நடந்தன. பேராசிரியர் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டு, நம் கண்முன்னே புள்ளியிட்டுக் கையொப்பமிடுவார். "தெரியாது, ஆனால் இப்படி யோசிக்கிறேன்" என்று தொடங்கிய விடைக்கு அவர்கள் தந்த மதிப்பு எனக்குப் புதிது. பாடமாக்கி ஒப்புவித்ததற்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஆய்வு மாணவருக்கு இன்னொன்று. கற்பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டென்றாலும் அனுமதியின்றிப் பயணப் பெட்டியில் வைக்கக் கூடாது. நான் கொண்டுபோனவை ஒரு வன்தட்டில் அடங்கிய படங்களும் அளவீடுகளும் மட்டுமே. அந்தத் தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வெளிவந்தால் யாருடைய பெயர் முதலில் வரும் என்பதையும் இரு மேற்பார்வையாளரும் மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொண்டார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உப்புவெளிச் சகோதரர் எழுதியது முழுநேர மாணவருக்குப் பொருந்தும். நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியையாக இருந்துகொண்டே கல்வியியல் முதுமாணி கற்றவள். என் பரிமாற்றம் மலேசியாவுக்கு. இரு பல்கலைக்கழகங்களும் ஒன்றின் மாணவரிடம் மற்றது கட்டணம் வாங்குவதில்லை என்ற ஏற்பாடு மட்டுமே இருந்தது, உதவித்தொகை கிடையாது. விடுதி, உணவு, பயணம் எல்லாம் என் சேமிப்பிலிருந்து போயின. கட்டண விலக்கையே புலமைப்பரிசில் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாணவர் அனுமதி, மலேசியாவில் ஈஎம்ஜிஎஸ் என்ற நிறுவனத்தின் வழியாக நடக்கிறது. விண்ணப்பத்தை வரவேற்கும் பல்கலைக்கழகமே பதிவேற்றியது, நான் தூதரக வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. சிரமம் எனக்கு இங்கேதான் இருந்தது. வெளிநாட்டு விடுமுறைக்கான பொது 126 படிவம் அதிபரின் மேசையிலிருந்து ஒவ்வோர் அலுவலகமாக ஏறிச்சென்று மாகாண மட்டத்துக்குப் போக வேண்டும். மாகாணத் தலைமையகம் திருகோணமலையிலேயே இருப்பது நமக்குப் பெரும் வசதி என்று பலர் சொன்னார்கள். இடையில் ஓர் அலுவலகத்தில் கோப்பு வாரக்கணக்கில் படுத்துக்கிடந்தபோது அந்த வசதி எனக்குப் புலப்படவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்கி வைத்திருந்ததால்தான் கோப்பு எங்கே நிற்கிறது என்று காட்ட முடிந்தது. சம்பளத்துடனான விடுமுறையா, சம்பளமற்றதா, திரும்பி வந்து எவ்வளவு காலம் சேவையாற்ற வேண்டும் என்று பிணைமுறி எழுதப்படுமா என்பவற்றை வாய்மொழியாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிணைமுறிக்குப் பிணைகாரர் தேவைப்பட்டால் உறவினரிடம் நேரகாலத்தோடு பேசிவையுங்கள்.

கிரெடிட் விடயத்தில் மலேசியாவின் அளவு வேறு. அங்கே ஒரு கிரெடிட் 40 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடம் இங்கே 2.4 ஆகிறது, இரண்டாகக் குறைப்பதா, மூன்றாக ஏற்பதா என்று என் துறையில் நீண்ட வாதம் நடந்தது. ஐந்து பாடங்களையும் சேர்த்து 15 கிரெடிட்டை 600 மணி நேரமாகக் கணக்கிட்டு 12ஆக ஏற்றுக்கொள்ளும்படி நான் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். பாடம் பாடமாக மாற்றியிருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பத்தோடு நின்றிருக்கும்.

உணவும் தொழுகையும் எந்தச் சிக்கலையும் தரவில்லை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் வகுப்புகளைப் பார்வையிட அனுமதி கிடைத்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் காலைப்பொழுதுகளே என் ஆய்வறிக்கையின் ஓர் அத்தியாயமாயின.

நிலாவெளி வீதியிலிருந்து, விரிவுரையாளராகப் பணியாற்றும் ஓர் உறுப்பினர்:

தம்பியும் தங்கையும் எழுதியவற்றோடு நிருவாகப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பல்கலைக்கழக இணையத்தளத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தான படம் இருந்தாலே பரிமாற்றம் உண்டு என்று மாணவர்கள் நம்பி வருகிறார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் நல்லெண்ணத்தைத் தெரிவிக்கிறது. அதில் இடமும் இல்லை, பணமும் இல்லை. எந்தத் துறையிலிருந்து, எந்தக் கல்வி நிலையில், எத்தனை பேர், எத்தனை மாதம் என்று எழுதப்பட்ட தனி உடன்பாடோ இணைப்போ இருக்கிறதா என்று சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் கேளுங்கள், அது காலாவதியாகும் திகதியையும் கேளுங்கள். மாணவர் நேரடியாக வெளிநாட்டுக்கு எழுதுவதில் பயனில்லை. முதலில் சொந்தப் பல்கலைக்கழகம் பெயரை நியமித்து அனுப்ப வேண்டும். அதன் பிறகே அங்கிருந்து இணையவழி விண்ணப்பத்துக்கான இணைப்பு வரும்.

எந்த அரையாண்டில் போவது என்பதும் நம் ஊரைப் பொறுத்தவரை சிறிய கேள்வியல்ல. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் வடகீழ்ப் பருவக்காற்றுமாக இங்கே கடல் கொந்தளிக்கும். புறாத்தீவுக்குப் படகு போகாது, நீரும் கலங்கிக் கிடக்கும். கடல்சார் ஆய்வு செய்யும் நம் மாணவருக்கு அப்போது களவேலை எதுவும் இல்லை. போலந்து போன்ற நாடுகளில் குளிர்கால அரையாண்டு ஒக்டோபரில்தான் தொடங்குகிறது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை இங்கே களவேலையை முடித்துவிட்டு, சேகரித்த தரவோடு புறப்பட்டால் ஒரு மாதமும் வீணாகாது. உப்புவெளித் தம்பி அப்படித்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையில் இதையே பலர் மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வர விரும்பும் மாணவர் அங்கத்தைய குளிருக்குத் தப்ப டிசம்பரில் வரக் கேட்பார். நாமும் விருந்தினரை மறுக்கக் கூடாதென்று சம்மதித்து, அவரை மழையில் விடுதி அறைக்குள் உட்காரவைத்துவிடுவோம். தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. அவர் வந்திறங்கிய பின்னர் விண்ணப்பித்தால் அனுமதி கைக்கு வரும்போது திரும்பும் பயணச்சீட்டின் திகதி நெருங்கியிருக்கும். வருபவர் கோடைகால அரையாண்டிலும் போகிறவர் குளிர்கால அரையாண்டிலும் மாறுவதாக உடன்பாட்டின் இணைப்பிலேயே எழுதிவிடலாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி உங்கள் துறைத்தலைவரிடம் மாணவர்களாகிய நீங்களே எழுத்தில் கேளுங்கள்; அந்தக் கூட்டங்களில் மாணவர் கடிதம் ஒன்று மேசையில் இருப்பது எங்களுக்கும் வாதிட உதவும்.