சாக்கு எடையும் செவ்வாய் ஜெபமும்

கேள்வி:
கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், வெங்காய மொத்தக் கடையொன்றில் பில் எழுதுகிறேன். ஈரச் சாக்கோடு நிறுத்து, அந்தக் கனத்துக்கும் வெங்காய விலையே போடச் சொல்கிறார் முதலாளி. செவ்வாய் தவறாமல் இருவரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறோம். மெழுகுதிரி அவர் காசு. என் ஜெபம் கடவுளிடம் ஏறுமா?

பதில்:
தம்பி, பைபிளில் லேவியர் 19:36 பாருங்கள். தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கவேண்டும் என்று நேரடியாகவே இருக்கிறது. 'களவு செய்யாதே' கத்தோலிக்கரான நமக்கு ஏழாம் கட்டளை, பெரும்பாலான புரட்டஸ்தாந்து சபைக்காரருக்கு எட்டாவது. எண் எதுவானாலும் களவு களவுதான். வரி வசூலித்த சக்கேயு ஆண்டவர் இயேசு முன்னால் நின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொல்லவில்லை!

பதில்:
சொல்வது லேசு அண்ணா. வேலை போனால் கொழும்பில் வாடகை யார் கட்டுவது? தம்பி, சாக்கு எடையைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடமும் கேளுங்கள்.

கேட்டவர்:
தனி வரி எழுதினால் ஹற்றன் கடைக்காரர்கள் உடனே பேரம் பேசுவார்கள், முதலாளிக்குக் கொதிக்கும். சரி, நாளைக்கு லொறி வருகிறது, எழுதித்தான் பார்க்கிறேன்.